மூன்றாவது எண்ணைத் தேடும் ஆவி

அத்தியாயம் 4

செத்தவர்கள் தபால் போடுவதில்லை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். முத்துத்தாய் அக்கா ஒன்பது உறைகளைத் தன் வீட்டு மேசைமேல் வரிசையாக அடுக்கியபோது அந்த நம்பிக்கையில் லேசாக ஓட்டை விழுந்தது.

ஒன்பதிலும் டைப் அடித்த விலாசம், வாடிப்பட்டி தபால் முத்திரை. ஒன்பதும் வியாழக்கிழமை போட்டவை. அக்காவின் கணவர், கணக்கு விரிவுரையாளர் நல்லகாமன், சைக்கிளோடு வைகைத் தரைப்பாலத்து வெள்ளத்தில் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஆறாம் நாளு திருப்புவனத்துக்கிட்ட ஒடம்பு கெடச்சுச்சு," என்றார் நல்லகாமனின் அண்ணன் காளை. இரவு ஷிப்ட் பார்த்து வந்தவர் போலக் களைத்திருந்தார், ஆனால் அது அழுத களைப்பு. "மொகம் தெரியல. ஆனா சட்டக் காலர்ல சலவைக்குப் போட்ட குறி எங்க வீட்டுக் குறி. போலீசும் எழுதிக் குடுத்துருச்சு. பதினாறாம் நாளு முடிக்க வேண்டிய காரியம் இன்னும் நிக்குது. வார வெள்ளிக்கிழம கருமாதின்னு சொந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. இது தாலியக் கழத்த மாட்டேங்குதுய்யா."

"அந்தச் சட்டைய யாருக்காச்சும் குடுத்துருப்பாரு," என்றார் அக்கா. குரல் அசையவில்லை. "அவரு இல்லாம இந்தத் தாளு வராதுண்ணே. அந்த மெசின ஓட்ட இந்த ஜில்லாவுலயே என்னத் தவிர ஆளில்லன்னு அவரு வாயாலயே சொல்லியிருக்காரு. வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க. உசுரோட இருக்காரா, இல்லையா. அது ஒண்ணுதான்."

அன்று புதன்கிழமை. காலை பத்து மணி.

துப்பறியும் மருது அண்ணன் இருபது வருஷம் ரயிலில் உட்கார்ந்து தபால் பிரித்தவர். மனிதர் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார், முதலில் உறையைப் பார்ப்பார். வேலையை விட்டுவிட்டு, அக்கா இருக்கும் பழங்காநத்தத்திலேயே ஒரு சைக்கிள் கடை மாடியில் போர்டு மாட்டினார். அவருக்கு உதவியாள் நான், சோணை. சம்பளம் எப்போதாவது வரும், திட்டு தினமும் வரும்.

உறைக்குள் நீளத் தாள்கள் மடித்திருந்தன. இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் கம்ப்யூட்டர் தாள். தாள் முழுக்க எண்கள்.

"லாட்டரி ரிசல்ட்டாண்ணே?" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் நாற்காலியில் இரண்டு அங்குலம் இறங்கினேன்.

"ஏழ எடுத்துக்கங்க தம்பி. அதுக்கு ஒண்ணு கம்மி ஆறு. ஆறு ரெண்ட வச்சுப் பெருக்குனா அறுபத்து நாலு. ஒண்ணக் கழிச்சா அறுபத்து மூணு. ஏழால வகுத்தா ஒம்போது, மீதி இல்ல. அந்த ஒம்போத மறுபடி ஏழால வகுங்க."

"வகுபடாது."

"வகுபடாது. ரெண்டத் தாண்டுன எந்தப் பகா எண்ண எடுத்தாலும் ஒரு தடவ வகுபடும், அது விதி. மறுபடியும் வகுபடுறது ரெண்டே ரெண்டு எண்ணுதான் இதுவரைக்கும் கெடச்சிருக்கு. 1093, 3511. மூணாவது இருக்கா இல்லையான்னே உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. முந்நூறு கோடி வரைக்கும் வெளிநாட்டுல தேடிப் பாத்துட்டாங்க. அதுக்கு மேல இவரு தேடுறாரு. சமயநல்லூருக்கு அங்கிட்டு ஒரு மில்லுல கம்ப்யூட்டர் இருக்கு. புதன்கிழம மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அது சும்மா நிக்கும். நாலு வருசமா அந்த ஒரு மணி நேரந்தான், தாளு எப்பவும் தபால்லதான் வரும்."

தாளின் முதல் இரண்டு வரியில் 1093, 3511. பக்கத்தில் மீதி 0, 0. "தெரிஞ்ச ரெண்டையும் மொதல்ல கேப்பாரு. அத மெசின் சரியாச் சொன்னாத்தான் மத்தத நம்பலாம்," என்றார் அக்கா. அதற்குக் கீழே பத்து இலக்க எண்கள் நூற்றுப் பத்து. ஒன்றுக்கும் மீதி பூஜ்யம் இல்லை.

மருது அண்ணன் இரண்டு இடத்தில் நின்றார். முதலாவது, ஒவ்வொரு கட்டிலும் முதல் தாளின் மூலையில் பென்சிலால் 'லா' என்று எழுதியிருந்தது. அடுத்த தாள்களில் 2, 3, 4. இரண்டாவது, நாலாவது வாரத் தாளில் முப்பத்தேழு எண்கள்தான் இருந்தன.

"சாரு கிராமத்துல வளந்தவரா தங்கச்சி?"

"இல்லண்ணே. பொறந்தது வளந்தது எல்லாம் இந்தத் தெருதான். களத்துமேடு எந்தத் திசையில இருக்குன்னு கேட்டா முழிப்பாரு."

"இந்த நாலாவது வாரம் ஏன் கொறச்சல்?"

"கரண்டு போயிருக்கும்."

அண்ணன் எழுந்துவிட்டார். மேசையில் பெருக்கல் கணக்கு நிரம்பிய தடித்தடியான நோட்டுகள், மைப்புட்டி, எழுதாத போஸ்ட் கார்டு நாலைந்து. நான் அவற்றைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி. அதனால்தான் நான் இன்னும் உதவியாளாகவே இருக்கிறேன்.

*

மில் வாசலில் பஸ் இறங்கும்போது பன்னிரண்டரை. தை வெயில்தான், ஆனாலும் வெள்ளை மண் கண்ணைக் கூசவைத்தது. ஆட்கள் எல்லாம் கேன்டீனில். கம்ப்யூட்டர் கட்டடம் தனியாக ஒரு மூலையில் நின்றது, ஜன்னல் எல்லாம் சாத்தி.

வாட்ச்மேன் மொக்கையன் வேப்பமரத்தடியில் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பக்கம் போகாதீக," என்றார். "வாத்தியாரு வந்துட்டாரு."

"எந்த வாத்தியாரு?"

"காதக் குடுத்துக் கேளுங்க."

கேட்டேன். மூடிய கட்டடத்துக்குள் ஏதோ தடதடவென்று ஓடியது. நின்றது. மூச்சு வாங்குவது போல ஒரு இடைவெளி. மறுபடி தடதட.

"உசுரோட இருந்தப்ப புதன்கெழமையானா சைக்கிள்ல வருவாரு. இதே சத்தம். ஆத்தோட போன பொறவும் இதே சத்தம். சைக்கிள் மட்டும் வாரதில்ல. கதவு பூட்டியிருக்கு, சாவி மேனேஜர்ட்ட, அவரு சாப்புட வீட்டுக்குப் போயிட்டாரு. நான் கருப்பசாமிக்கு நேந்துருக்கேன், வேற என்ன செய்யச் சொல்லுறீக?"

எனக்குப் பயமாக இருந்தது. நடுப்பகலில் பயப்படுவது வெட்கமாகவும் இருந்தது. அந்த எண்கள் முந்நூறு கோடியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பதையும், முடிவே இல்லாத அந்த வரிசையில் ஒரு மனிதர் ஈரச் சட்டையோடு குனிந்து தேடுவதையும் நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

"மாப்ள, நடுங்குறியா?"

"ஏசி காத்துண்ணே."

"ஏசி உள்ள இருக்குடா."

மேனேஜர் சாவியோடு வருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே ஒருவரும் இல்லை. பிரிண்டர் மூடியில் கை வைத்தேன், சூடு. தாள் கிழித்த ஓரம் புதுசு.

"நல்லகாமன் சார் எனக்கு நல்ல பழக்கம்," என்றார் மேனேஜர், வியர்த்தபடி. "வருவார், என் ரூமில் காபி சாப்பிடுவார், கணக்கு பற்றிப் பேசுவார். அப்புறம் நான் வீட்டுக்குப் போயிடுவேன். மெஷினை அவர்தான் ஓட்டுவார்."

"ஓட்டுனத நீங்க பாத்தீங்களா?"

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பார்த்ததாக ஞாபகம் இல்லை போல.

பக்கத்து அறைக்கு ஒரு உள்கதவு இருந்தது. அது பஞ்ச் அறை, அட்டையில் ஓட்டை போட்டு மெஷினுக்குக் கணக்கு ஊட்டும் இடம். நாலு பெண்கள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை. நாலு பேரும் சொல்லிவைத்தாற்போல் அதையே சொன்னார்கள்.

மருது அண்ணன் ஒரு கட்டு வெற்று அட்டையை எடுத்து மேசையில் போட்டார். "ஆளுக்கு இருபது எண்ணிக் குடுங்கம்மா. சும்மா ஒரு சோதனை."

"என்னண்ணே, எண்ணத் தெரியுமான்னா கேக்குறீங்க?" என்றேன்.

"நீ வாயப் பொத்து."

முதல் பெண் ஒன், டூ என்று எண்ணினாள். அடுத்த இருவரும் ஒண்ணு, ரெண்டு. நாலாவது பெண் ஒல்லியாக, இருபத்தைந்து வயது இருக்கும், வாய்க்குள் முணுமுணுத்து எண்ணினாள். அண்ணன் குனிந்து காதைக் கொடுத்தார்.

"லாபம். ரெண்டு. மூணு. நாலு..."

அண்ணன் நிமிர்ந்தார். "களத்துல நெல்லு அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க மாப்ள. மொத மரக்கால் லாபம், தாள்ல இருந்த 'லா' அதுதான். அப்புறந்தான் ரெண்டு. சின்னப் புள்ளையில இருந்து அளந்து பழகுன நாக்கு மெசின் ரூமுக்கு வந்தாலும் மாறாது. ஒம் பேரு என்னம்மா?"

"தங்கப்பொண்ணு," என்றாள் அவள். கையில் இருந்த அட்டைகளை மேசையில் வைத்தாள். "வாடிப்பட்டி, சார்."

*

மேனேஜரை டீ சொல்ல அனுப்பிவிட்டு அண்ணன் மற்ற மூன்று பெண்களையும் வெளியே போகச் சொன்னார்.

"எத்தன வாரமா ஓட்டுற?"

"நாலு வருசமா."

நான் விசில் அடித்தேன். அண்ணன் முறைத்தார்.

"சாரு கணக்கச் சொன்னாரு, நான் அட்டையில ஏத்துனேன். மொதல்லயே தப்பு வந்துச்சு, 3511-அ மெசின் கண்டுக்கவே இல்ல. ஒரு மாசம் உக்காந்து நாந்தான் அதச் சரி பண்ணேன். அப்புறம் புதன்கெழமையானா இந்த உள்கதவு வழியாப் போயி நானே ஓட்டிருவேன். சாரு மேனேஜர் ரூம்ல பேசிட்டு ரெண்டு மணி கிளாசுக்குப் போயிருவாரு. தாள நான் மறுநா காலையில எங்க ஊர்த் தபாலாபீசுல போட்டுருவேன். மேனேஜருக்குத் தெரிஞ்சா எனக்கு வேல போயிரும்னு யார்ட்டயும் சொல்லல."

"சாரு ஆத்தோட போனது தெரியும்ல?"

"தெரியும் சார்." அவள் கண் நிறைந்துவிட்டது. "அன்னைக்கு மழ. போகாதீங்கன்னு சொன்னேன். தரைப்பாலத்துல போனா சுருக்கமாப் போயிரலாம்னு போனாரு."

"பின்ன ஏம்மா இன்னும் ஓட்டுற?"

தங்கப்பொண்ணு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். உள்ளே போஸ்ட் கார்டுகள். ஒவ்வொன்றிலும் 'சரி' என்று ஒரு சொல், கீழே ஒரு பத்து இலக்க எண். பெயர் இல்லை.

"தாள சாரு வீட்டுல வச்சுக் கைக்கணக்காப் போட்டுப் பாப்பாரு. அம்புட்டுப் பொறும இந்தத் தமிழ்நாட்டுலயே எனக்கு மட்டுந்தான்னு சொல்லுவாரு. பாத்துட்டு, அடுத்து எந்த எண்ணுல ஆரம்பிக்கணும்னு கார்டு போடுவாரு. செவ்வாக்கெழம வந்துரும். சாரு போனதுக்கு அடுத்த செவ்வாக்கெழமயும் வந்துச்சு சார். அதே எழுத்து. நேத்து வரைக்கும் வந்துச்சு."

அண்ணன் கார்டுகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார்.

"நாலாவது வாரம் கரண்டு போச்சா?"

"பன்னெண்டே முக்காலுக்குப் போச்சு. முப்பத்தேழு எண்ணோட நின்னுருச்சு. இருக்குறத அனுப்பிவச்சேன். அடுத்த கார்டுல சரியா முப்பத்தெட்டாவதா வர வேண்டிய எண்ணு இருந்துச்சு. அன்னைக்குத்தான் சார் எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு. செத்தவருக்குக் கரண்டு போனது எப்படித் தெரியும்? உசுரோட இருந்தா ஏன் சார் வர மாட்டேங்குறாரு? நான் தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு. ஆனா நிறுத்தப் பயமா இருக்கு. நிறுத்திட்டா நானே அவரக் கொன்ன மாதிரி ஆயிரும்."

அண்ணன் ஒரு கார்டைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அன்றைய தாளையும் கார்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்குறேன்," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஆளு உசுரோட இருக்காருண்ணே! கரண்டு போனது வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்காரு. அக்காட்ட மொதல்ல நாந்தான் சொல்லுவேன்."

"கார்டு முத்திரையப் பாத்தியா மாப்ள?"

"அது எதுக்குண்ணே இப்ப?"

அண்ணன் பழங்காநத்தம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இருபது வருஷத் தபாலில் எத்தனையோ சாவுச் செய்திகளைப் பிரித்துப் போட்டவர் அவர். ஒன்றையாவது கையில் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

*

வீட்டில் காளை வெள்ளிக்கிழமைக்கு யார் யார் வருகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அக்கா நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கார்டுகளை மேசைமேல் வைத்தார்.

அக்கா ஒரு கார்டை எடுத்தார். முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சாகும்வரை அதை மறக்க மாட்டேன்.

"இது நான் அவருக்குப் போட்ட கார்டு! அவரு கையில கெடச்சிருச்சா? அவரப் பாத்தீங்களாண்ணே? எங்க இருக்காரு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கார்டில் இருந்த முத்திரை பழங்காநத்தம். தாள் எங்கே நின்றது என்று தெரிய வேண்டுமானால் தாளைப் பார்த்திருக்க வேண்டும். தாள் வருவது ஒரே ஒரு வீட்டுக்கு. 

"கார்டு போடுறத நீ எங்கிட்ட சொல்லலையே தங்கச்சி," என்றார் அண்ணன்.

"நீங்க கேக்கலையேண்ணே. வாரம் ஒரு எண்ண எடுத்துக் கைக்கணக்காப் போட்டுப் பாக்குறது என் வேல. நாலு நாளு ஆகும். பாத்துட்டு அடுத்த எண்ணச் சொல்லுவேன். கையில எழுதிக் குடுத்தா சைக்கிள்ல போறப்ப தொலச்சிருவாரு. மில்லு விலாசத்துக்கே கார்டு போட்டுரு, நான் போயி எடுத்துக்குறேன்னு சொல்லியிருந்தாரு. அதான் போட்டேன். போட்டதும் தாள் வந்துச்சு. அப்ப அவரு இருக்காருன்னுதான அர்த்தம்?"

மருது அண்ணன் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி இருந்தும் தரையில்தான் உட்கார்ந்தார்.

"அந்தக் கார்ட எடுத்து மெசின ஓட்டுறது வாடிப்பட்டிக்காரப் பொண்ணு ஒண்ணும்மா. பேரு தங்கப்பொண்ணு. நாலு வருசமா அதுதான் ஓட்டுது. கார்டு வாரதால சாரு இருக்காருன்னு அது நெனச்சிருக்கு. தாள் வாரதால இருக்காருன்னு நீ நெனச்சிருக்க. நடுவுல அவரு இல்லம்மா. ஆத்துல வெள்ளம் வந்த அந்தப் புதன்கெழமயோட போயிட்டாரு."

வீதியில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போனது. அக்காவின் கண் வாசலுக்குப் போய்த் திரும்பியது. இரண்டு மாதமாக அப்படித்தான் போய்த் திரும்பியிருக்க வேண்டும்.

"என்னத் தவிர ஆளில்லன்னு சொன்னாரே," என்றார் மெதுவாக.

"அந்தப் பொண்ணுகிட்ட கைக்கணக்கப் பத்தி அதே மாதிரிதான் சொல்லியிருக்காரு."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பெண்களின் உழைப்பை இரண்டு பேருக்கும் தெரியாமல் தன் பெயரில் போட்டுக்கொண்டு, காபி குடித்துவிட்டுச் சைக்கிளில் போன மனிதர். அந்த ஜம்பம்தான் இந்த இருவரையும் இரண்டு மாதம் ஆட்டிவைத்தது. "நல்லா சொன்னாரு பெரிய மனுசன்," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"திட்டாதீங்க தம்பி." அக்கா சிரித்தார், சிரிக்கும்போதே உடைந்துவிட்டார். "மூணாவது எண்ணு கெடச்ச அன்னைக்கு ரெண்டு பேரையும் ஒக்கார வச்சுச் சொல்லுவோம்னு இருந்துருப்பாரு. அவரு அப்படித்தான். எல்லாத்தையும் அந்த நாளுக்குன்னு வச்சிருந்தாரு."

வெகுநேரம் அழுதார். காளை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அக்கா முந்தானையில் கண்ணைத் துடைத்தார்.

"அந்தச் சட்டக் குறி அவருதுதான் மாமா. போலீசு காட்டுனப்பவே எனக்குத் தெரியும். வெள்ளிக்கெழம வையுங்க."

அண்ணன் எழுந்திருக்கப் போனார். அக்கா கையை நீட்டினார். "இன்னைக்கு உள்ள தாளக் குடுங்க."

முதல் இரண்டு வரியை விரலால் தொட்டார். 1093, மீதி பூஜ்யம். 3511, மீதி பூஜ்யம். அதற்குக் கீழே நூற்றுப் பத்து எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மூலையில் இருந்த 'லா'வில் விரல் நின்றது.

"இது அந்தப் பொண்ணு எழுதுனதா? நாலு வருசமா என்னன்னு புரியாமயே பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிறகு ஒரு போஸ்ட் கார்டை இழுத்து எழுதினார். எழுதி முடித்ததும் என்னிடம் நீட்டினார். தெருமுனைத் தபால் பெட்டியில் போடும் முன் படித்தேன். படிக்கக் கூடாதுதான். அடுத்து ஆரம்பிக்க வேண்டிய எண் இருந்தது. அதன் கீழே, "இந்த வாரத் தாளை இனிமேல்தான் சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் எழுதுகிறேன். இனிமேல் தாளில் உன் பெயரையும் போடு. இப்படிக்கு, முத்துத்தாய்" என்று இருந்தது.

திருப்பிப் பார்த்தேன். பிஸ்கட் டப்பாவில் இருந்த கார்டுகளில் எல்லாம் மில் பெயரோடு 'கம்ப்யூட்டர் அறை' என்று மட்டும் விலாசம் எழுதியிருந்தது. இதில் அதற்கு மேலே தங்கப்பொண்ணு என்று எழுதியிருந்தார்.